வாருங்கள் என்பது பன்மை

கொல்லம் ஆயிரத்து நூற்றெட்டாம் ஆண்டு ஆவணி மாதத்தில் கோட்டாறு மைதீன் கனிக்கு ஒரு பக்கம் விழுந்துவிட்டது. மதியத்து லுகர் தொழுகைக்குக் கைகால் கழுவக் குனிந்தவர் நிமிரவில்லை. வாய் இடப்பக்கமாக இழுத்துக்கொண்டது. வைத்தியர் பதினைந்து நாள் எண்ணெய் தேய்த்துப் பார்த்தார். கை வரவில்லை, கால் வரவில்லை. பேச்சு மட்டும் கொஞ்சம் வந்தது. அதுவும் ஒரே ஒரு பேச்சு. யாராவது வாசற்படி ஏறுகிற சத்தம் கேட்டால், கண்ணைத் திறக்காமலே, "யாக்கூபு, வந்தியா?" என்று கேட்பார். வந்தவர் பால்காரராக இருந்தாலும் அதே கேள்விதான்.

யாக்கூப் அவருடைய ஒரே மகன். கொழும்புக்குப் போய் ஏழு வருஷம். நாலு வருஷம் ஒழுங்காகக் கடிதம் வந்தது. பிறகு புறக்கோட்டையில் அவன் வைத்திருந்த கடை எரிந்துபோனதாக யாரோ வந்து சொன்னார்கள். அதன்பின் அவன் எங்கே இருக்கிறான் என்று யாருக்கும் தெரியவில்லை. அவன் மனைவி மைமூன் பீவி அனுப்பிய கடிதங்கள் எல்லாம் ஆள் இல்லை என்ற முத்திரையோடு திரும்பி வந்தன.

மைமூனின் அண்ணன் சலாஹுதீன் கோட்டாற்றுச் சந்தையில் கருப்பட்டிக் கடை வைத்திருந்தார். அதிகம் பேசாத மனிதர். தங்கை வீட்டுக்குத் தினமும் ஒருநடை வந்து, மாமா என்று அவர் கூப்பிடும் மைதீன் கனியைப் புரட்டிப் படுக்கவைத்துவிட்டுப் போவார். ஒருநாள் அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. கிளீட்டஸ் நடத்திய 'கோட்டாற்று வர்த்தமானி' என்ற நாலு பக்க வாரப் பத்திரிகை தூத்துக்குடிக் கப்பலில் கொழும்புக்குப் போகும். அங்கே கடை வைத்திருக்கிற நம்மூர்க்காரர்கள் எல்லாரும் அதைக் கையிலிருந்து கைக்கு மாற்றி, எழுத்து அழியும்வரை படிப்பார்கள். அதில் ஓர் அறிவிப்புப் போட்டால் யாக்கூப் எந்த மூலையில் இருந்தாலும் கண்ணில் படும்.

மைமூனுக்குக் குர்ஆன் ஓதத் தெரியும், தமிழ் எழுத்து தெரியாது. அவள் சொல்லச் சொல்ல சலாஹுதீன் எழுதிக்கொண்டார். எழுதி முடித்தபோது இப்படி இருந்தது:

"கோட்டாறு மைதீன் கனி மகன் யாக்கூபுக்கு. வாப்பா படுத்த படுக்கை. உங்கள் பேரை மட்டும்தான் சொல்லுகிறார்கள். வீடு ஒழுகுகிறது. பொறுத்தது போதும். எங்கே இருந்தாலும் உடனே வாருங்கள். மைமூன்."

கிளீட்டஸ் இதை இரண்டு தடவை படித்தார். அவர்தான் வர்த்தமானிக்கு ஆசிரியர், எழுத்துக் கோப்பவர், பிழை திருத்துபவர் எல்லாம். அறிவிப்பில் ஒரு பிழையும் இல்லை, ஆனால் உடனே போட முடியாது என்றார். சென்ற பங்குனி முதல், அச்சேறுகிற எதுவானாலும் நாகர்கோவிலில் புதிதாகத் திறந்திருக்கும் சர்க்கார் கச்சேரியின் முத்திரை வேண்டும். கல்யாணக் கடிதத்துக்கும் விதிவிலக்கு இல்லை. சென்ற மாதம் கருப்பட்டி விலை ஏறியது என்று ஒரு வரி எழுதிக் கொண்டுபோனாராம். ஏறியது என்றால் மக்கள் மனம் கலங்கும் என்று, கருப்பட்டி தன் தகுதிக்குரிய இடத்தை அடைந்தது என்று திருத்திக் கொடுத்தார்களாம்.

"நான் கொண்டுபோனா ஏதோ சூது இருக்குன்னு பாப்பானுவ. நீரு நேரே போனா ஒருவேளை இரக்கம் உண்டாகும்" என்றார் கிளீட்டஸ்.

கச்சேரி ஒரு பழைய நெல்லறையில் இருந்தது. வாசலில் 'பத்திரிகைச் சுதந்திரப் பாதுகாப்புக் கச்சேரி' என்று பலகை தொங்கியது. பாதுகாக்க வேண்டியது மிகவும் அருமையான பொருள் என்பதால் சன்னல்களுக்குப் புதிதாகக் கம்பி போட்டிருந்தார்கள். வாசலில் ஐயப்பன் என்ற சேவகன் உட்கார்ந்திருந்தான். உள்ளே பரிசோதகர் சிவதாணு.

சிவதாணுவைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. மனு கொண்டுவருகிறவர்களை அவர் நிற்க விடமாட்டார். நாற்காலி போடச் சொல்வார். குரல் உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. சலாஹுதீனிடம் குடும்பத்தைப் பற்றி விசாரித்தார். மாமாவின் நிலைமையைக் கேட்டு வருத்தப்பட்டார். பிறகு மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு அறிவிப்பைப் படித்தார். சிவப்பு மைப் பேனாவை எடுத்தார்.

"பொறுத்தது போதும்" என்ற இரண்டு சொற்களின்மேல் முதல் கோடு விழுந்தது. அதைச் சலாஹுதீனும் ஒருவாறு எதிர்பார்த்திருந்தார். அடுத்ததாகப் படுத்த படுக்கை என்பதைச் சுட்டி, படுத்திருப்பது எந்தப் பெரியவர் என்று வாசிப்பவனுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார் பரிசோதகர். எனக்க மாமாதான் என்றார் சலாஹுதீன். அது உமக்குத் தெரியும், எனக்கும் தெரியும், ஆனால் ராஜ்யத்தையே பெரியவர் என்று நினைக்கிற குசும்புக்காரன் ஒருவன் இருந்தால் என்ன செய்வது என்றார் அவர். வீடு ஒழுகுகிறது என்பதற்கும் அதே கதி. நாட்டை வீடு என்று சொல்வது கவிகளின் வழக்கமாம்.

இவற்றையெல்லாம் அவர் வேகமாகத் தாண்டிவிட்டார். கடைசி வரியில்தான் பேனா நின்றது.

"ஓய், வாருங்கள் என்பது பன்மை அல்லவா?"

"மரியாதைக்குச் சொல்லுதது, ஏமான்."

"மரியாதை உம்முடைய மனசிலே இருக்கு. காகிதத்திலே பன்மைதான் இருக்கு. 'எங்கே இருந்தாலும் உடனே வாருங்கள்.' இதைக் கொழும்பிலே ஆயிரம் பேர் படிக்கான். ஆயிரம் பேரையும் கூப்பிடுத மாதிரி ஆகாதா? கூட்டம் கூட்டுததுக்கு வேற முறை இருக்கு, வேற மனு இருக்கு."

சலாஹுதீன் நெடுநேரம் யோசித்தார். அப்படியானால் 'வா' என்று ஒருமையிலேயே போட்டுவிடலாம் என்றார். தங்கையிடம் கேட்டால் சம்மதிக்கமாட்டாள். ஆனாலும் வாப்பாவுக்காகப் பொறுத்துக்கொள்வாள் என்று நினைத்தார்.

சிவதாணு கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரை வேதனையோடு பார்த்தார். "ஒரு குலஸ்திரீ, ஊர் பாக்க, கெட்டினவனை வா என்று கூப்பிடலாமா? ஒழுக்கத்தைக் காக்கவும் இந்தக் கச்சேரிக்கு ஒரு பிரிவு உண்டு. அதையும் நான்தான் பாக்கேன்."

ஆக, வாருங்கள் என்றால் கலகம், வா என்றால் ஒழுக்கக்கேடு. சரியான சொல் எது என்று சலாஹுதீன் பணிவாகக் கேட்டார். சொல்லைத் தேர்ந்தெடுப்பது பிரஜையின் சுதந்திரம், அதில் கச்சேரி ஒருபோதும் தலையிடாது என்று பதில் வந்தது. மனுவை மூன்று நகல் எழுதிக் கொடுத்துவிட்டு வீடு திரும்பினார். படியேறியதும் மாமா கேட்டார், "யாக்கூபு, வந்தியா?" இல்ல மாமா, நான்தான் என்றார்.

மனு மேலிடத்துக்குப் போயிற்று. ஐந்து வாரம் கழித்து, புரட்டாசி முடிகிற சமயத்தில், திருவனந்தபுரத்திலிருந்து ஒரு வினா வந்தது. 'வாப்பா' என்பது என்ன அமைப்பு? அதற்கு எத்தனை உறுப்பினர்கள்? சலாஹுதீன் விளக்கம் எழுதிக் கொடுத்தார். வாப்பா என்றால் தகப்பன், உறுப்பினர் ஒருவர், அவருக்கும் ஒரு பக்கம் அசைவில்லை என்று. இந்த விளக்கத்தில் கேலி தொனிப்பதாகச் சிவதாணு கருதினார். கடைசிப் பகுதியை அவரே அடித்துக் கொடுத்தார்.

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. வீடு உண்மையாகவே ஒழுகியது. மாமாவின் கட்டிலை இரண்டு தடவை இடம் மாற்றினார்கள். மூன்றாவது தடவை மாற்ற இடமில்லாமல், மைமூனும் அவள் மகள் சைனபும் மாறி மாறிப் பனையோலைத் தடுக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வீடு ஒழுகுகிறது என்பது கவிதையா உண்மையா என்று நேரில் கண்டு சொல்ல ஓவர்சீயர் ஒருவருக்கு உத்தரவு ஆகியிருந்தது. மழை நாளில் வந்தால் நனைய வேண்டியிருக்கும் என்று அவர் பத்து நாள் காத்திருந்தார். நல்ல வெயில் அடித்த ஒரு காலையில் குடையோடு வந்து கூரையை அண்ணாந்து பார்த்தார். ஒரு சொட்டும் விழவில்லை. ஒழுக்கு இல்லை என்று குறித்துக்கொண்டார்.

அவர் படியேறியபோது மாமா வழக்கம்போலக் கேட்டிருந்தார். ஓவர்சீயர் நேர்மையான மனிதர், காதில் விழுந்ததை மறைக்கிறவர் அல்ல. அறிக்கையின் அடியில் ஒரு குறிப்புச் சேர்த்தார்: 'மேற்படி யாக்கூப் இவ்வீட்டுக்கு அடிக்கடி வந்துபோவதாக, படுத்திருக்கும் முதியவரின் வாய்மொழியால் தெரிகிறது. காணவில்லை என்பது சந்தேகத்துக்குரியது.'

இந்தக் குறிப்பால் சலாஹுதீன் நாலு நாள் கடையைப் பூட்டிவிட்டுக் கச்சேரிக்கு நடந்தார். யாக்கூபை எங்கே ஒளித்துவைத்திருக்கிறீர் என்று கேட்டார்கள். தெரிந்தால் ஏன் பத்திரிகையில் தேடப்போகிறேன் என்றார். அதுதானே சந்தேகம் என்றார்கள். பார்வத்தியக்காரரிடம், அதாவது கிராம அதிகாரியிடம், யாக்கூப் ஊரில் இல்லை என்று சான்று வாங்கிவரச் சொன்னார்கள். பார்வத்தியக்காரர் இருக்கிற ஆளுக்குத்தான் சான்று தருவார்; இல்லாத ஆளை நேரில் கொண்டுவந்தால், இல்லை என்று எழுதித் தருவதில் அவருக்கு ஆட்சேபம் ஒன்றும் இல்லை.

ஒருநாள் மைமூன் அண்ணனிடம் கேட்டாள். "காக்கா, அவியள வாங்கன்னு ஒரு சொல்லு சொல்லுததுக்கு இத்தனை நாளா?"

போட்டுவிடுவார்கள், இன்னும் ஒரு நடை இருக்கிறது என்றார் அவர். ஒவ்வொரு நாளும் ஒரு நடைதான் மீதி இருந்தது.

கார்த்திகையில் ஒரு நல்ல செய்தி வந்தது. ஐயப்பன் கடைக்கே வந்து சொன்னான். கச்சேரி சார்பில் ஒரு விழா நடக்கிறது, திருவனந்தபுரத்திலிருந்து பெரிய உத்தியோகஸ்தர் தலைமை தாங்குகிறார், சலாஹுதீன் மேடையில் உட்கார வேண்டும். அன்றைக்கே முத்திரையும் கிடைத்துவிடும் என்றான். அன்று காலையில் மாமா கஞ்சியை விழுங்கவில்லை. சலாஹுதீன் போகத் தயங்கினார். போய் வாங்கிட்டு வாருங்க, நான் பாத்துக்கிடுதேன் என்று மைமூன்தான் அனுப்பிவைத்தாள்.

பந்தலில் நாகர்கோவில் வக்கீல்களும் வாத்தியார்களும் நிறைந்திருந்தார்கள். கிளீட்டஸும் கடைசி வரிசையில் இருந்தார். பத்திரிகைக்காரர்கள் வராமல் இருக்கக்கூடாது என்று உத்தரவு. சிவதாணு பேச எழுந்தார்.

"சபையோரே, சுதந்திரம் ஒரு பக்கம், கட்டுப்பாடு ஒரு பக்கம். இரண்டையும் சமமாகப் பிடிப்பதே எங்கள் வேலை. இந்தக் கச்சேரி வாயை அடைக்கிறது என்று சிலர் பேசுவதாகக் கேள்வி. அந்தப் பேச்சை நாங்கள் அச்சில் வரவிடவில்லை, ஆகவே அது உண்மையாக இருக்க முடியாது. எட்டு மாதத்தில் நானூற்றுப் பதினோரு மனு வந்தது. ஒன்றையாவது மறுத்தோமா? இல்லை. எல்லாருக்கும் அனுமதி உண்டு. அவர்கள் சொல்ல வந்ததை மட்டும் கொஞ்சம் மாற்றிக் கொடுத்தோம். ஏன்? பிரஜைக்குத் தன் மனம் தெரியாது. அவனுக்கு வலிக்கும்போது வலிக்கிறது என்று எழுதிவிடுகிறான். வலி நாளைக்குப் போய்விடும், எழுத்து நிற்குமே! நாளைக்கு அவன் வெட்கப்படாமல் இருக்க நாங்கள் இன்றைக்கே திருத்துகிறோம். இதைவிடப் பெரிய சுதந்திரம் எந்தத் தேசத்தில் உண்டு?"

கைதட்டல் வெகுநேரம் நீடித்தது. பிறகு, கச்சேரியால் பயன்பெற்ற பிரஜை என்று சலாஹுதீனை முன்னால் அழைத்து மாலை போட்டார்கள். அவர் பேச வேண்டியதை முன்பே எழுதி, பரிசோதித்து, முத்திரை குத்தி வைத்திருந்தார்கள். அவர் அதை வாங்கி வாசித்தார். "எனக்கு ஒரு குறையும் இல்லை" என்பதுதான் அது. வாசித்துவிட்டு, முத்திரை எப்போது கிடைக்கும் என்று சிவதாணுவின் காதில் கேட்டார். தலைவர் கிளம்பட்டும் என்றார் அவர். தலைவர் மாலை அசர் தொழுகைக்குப் பிறகுதான் கிளம்பினார். பிறகு இன்றைக்கு நேரமாகிவிட்டது, நாளை வாரும் என்றார்கள்.

சலாஹுதீன் மாலையைக் கழற்றி வழியிலேயே போட்டுவிட்டு வேகமாக நடந்தார். தெருமுனையில் ஆட்கள் கூடி நின்றார்கள். அவரைப் பார்த்ததும் விலகி வழிவிட்டார்கள். வாசற்படி ஏறினார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

மாமாவை அடக்கி மூன்றாம் நாள், சலாஹுதீன் மறுபடியும் கச்சேரிக்குப் போனார். வாப்பா மவுத்தாகிவிட்டார், அதை மட்டுமாவது போட்டுத் தாருங்கள் என்று கேட்டார். சிவதாணு நாற்காலியை விட்டு எழுந்து நின்று அனுதாபம் சொன்னார். அவர் கண் கலங்கியது நிஜம். பிறகு உட்கார்ந்து மனுக்கட்டைப் பிரித்தார்.

படுத்த படுக்கை என்ற மனு வேறு, மவுத் என்ற மனு வேறு. புதிய மனு என்றால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். உம்மை இன்னும் நாலு மாதம் அலைய வைக்க எனக்கு மனசு வரவில்லை என்றார். பழைய மனுவையே உண்மைக்கு ஏற்றபடி திருத்திவிடலாம்.

"இப்ப பெரியவருக்கு நோவு உண்டா?" என்று கேட்டார்.

"இல்ல, ஏமான்."

"பசி, தாகம்?"

சலாஹுதீன் மேசைமேல் பிரித்துக்கிடந்த மனுக்கட்டைப் பார்த்தார்.

"இல்லை அல்லவா? அப்ப அப்படியே எழுதுவோம். ஒழுக்கு இல்லை என்று ஓவர்சீயர் சொல்லியாச்சு. வினைச்சொல் பிரச்சினையையும் நானே தீர்த்து வச்சிருக்கேன், பாரும்." அவர் எழுதி முத்திரை குத்திக் கொடுத்தது இதுதான்:

"கோட்டாறு மைதீன் கனி மகன் யாக்கூபுக்கு. வாப்பா எந்த நோவும் இன்றி அமைதியாக இருக்கிறார். வீட்டில் ஒழுக்கோ வேறு குறையோ இல்லை. எவரும் எங்கிருந்தும் வரவேண்டிய அவசரம் எதுவும் கிடையாது. மைமூன்."

சலாஹுதீன் அந்தக் காகிதத்தைத் திருப்பி மேசைமேல் வைத்தார். இது வேண்டாம், மனுவைத் தள்ளிவிடுங்கள், ஒன்றும் போடவே வேண்டாம் என்றார். அவருடைய குரல் அன்றைக்குத்தான் முதல்முறையாகச் சற்று உயர்ந்தது. அனுமதி கிடைத்த ஒன்றை அச்சிடாமல் விடுவது கச்சேரியின் உழைப்பை அவமதிப்பதாகும். அப்படி விட்டால் பத்திரிகையின் உரிமம் ரத்தாகும் என்று ஐயப்பனே சொன்னான். அவனுக்கு விதிகள் மனப்பாடம்.

கிளீட்டஸ் எழுத்துக் கோக்கும்போது சலாஹுதீன் பக்கத்தில் நின்றார். எனக்கு அஞ்சு பிள்ளைகள், வேற வழி தெரியல்ல என்றார் கிளீட்டஸ். யாக்கூப் தன் பேரைப் பார்த்தால் எப்படியும் ஒரு வரி எழுதிப் போடுவான், அதை வைத்து விலாசம் கண்டுபிடிக்கலாம் என்று ஆறுதலும் சொன்னார். அது இரண்டு பேருக்குமே கொஞ்சம் நம்பிக்கையாக இருந்தது. மார்கழி முதல் வாரத்துப் பத்திரிகையில், பூக்கரை போட்ட கட்டத்துக்குள் அறிவிப்பு வெளிவந்தது.

மாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, கருப்பட்டிக் கடைக்கு ஒரு கடிதம் வந்தது. யாக்கூபின் கையெழுத்து. சலாஹுதீன் கடைவாசலில் நின்றே படித்தார்.

கடை எரிந்தபிறகு வாப்பா முகத்தில் விழிக்க வெட்கப்பட்டுக் கண்டிப் பக்கம் ஒரு தோட்டத்தில் கூலிக்குப் போய்விட்டானாம். மூன்று வருஷமும் ஒருநாள்கூட வாப்பாவை நினைக்காமல் தூங்கியதில்லையாம். போன மாதம் எதுவானாலும் ஆகட்டும் என்று துணிந்து, கொழும்புக்கு வந்து தூத்துக்குடிக் கப்பலுக்குச் சீட்டு எடுத்திருந்தானாம். காத்திருந்த சாப்பாட்டுக் கடையில் யாரோ வர்த்தமானியைக் கையில் கொடுத்தார்களாம். 'மைமூன் சொன்னதைப் படித்தேன். வாப்பா சுகமாக இருக்கிறார்கள், நான் வரவேண்டியதில்லை என்று அவளே சொல்லும்போது எந்த முகத்தோடு வருவேன்? அவள் கோபம் நியாயம்தான். சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். வருகிற திங்கட்கிழமை பினாங்குக் கப்பலில் போகிறேன். அங்கே எனக்கு விலாசம் இல்லை. வாப்பாவின் கையை எனக்காக ஒருதடவை முத்தமிடுங்கள் மச்சான்.'

கடிதத்தில் இருந்த தேதியைச் சலாஹுதீன் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். அந்தத் திங்கட்கிழமை போய்ப் பதினோரு நாள் ஆகியிருந்தது.

கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடலாமா என்று ஒருதடவை நினைத்தார். ஆனால் தபால்காரர் ஏற்கெனவே தெருவில் சொல்லியிருந்தார். அவர் தங்கை வீட்டை அடைவதற்கு முன்பே மைமூன் வாசலில் வந்து நின்றாள். முக்காட்டுக்குள் அவள் முகம் பல மாதத்துக்குப் பிறகு வெளிச்சமாக இருந்தது. சைனபும் ஓடிவந்து உம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். வாசிங்க, வாசிங்க என்றார்கள் இருவரும்.

சலாஹுதீன் கடிதத்தை விரித்தார். "அன்புள்ள மச்சானுக்கு யாக்கூப் எழுதுவது. நான் நல்ல சுகம். உங்கள் எல்லாருக்கும் சலாம்." அடுத்த வரியில் அவர் கண் நின்றது. பிறகு அதற்கடுத்த வரி. பக்கத்தைத் திருப்பினார், மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "வேலை விஷயமாகத் தூரம் போகிறேன். வாப்பாவுக்கு என் முத்தம்" என்று முடித்தார்.

மைமூன் கையை நீட்டிக் காகிதத்தை வாங்கி, முன்பக்கமும் பின்பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இரண்டு பக்கமும் இடைவெளியில்லாமல் எழுதியிருந்தது.

"இவ்வளவு எழுத்து கெடக்கே, காக்கா" என்றாள்.